தண்டக் கேக்

கேக்கின் ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. வேதமணி கத்தி முனையால் அந்தக் கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவர் இன்பநாதன் ஆலயத்துக்குப் புறப்பட்டு நின்றார்.

"என்னட்டி இது, வீடு பூராவும் தீஞ்ச வாடை?"

"ஒண்ணுமில்லங்க... ஓவன்ல சூடு கொஞ்சம் கூடிப்போச்சு."

"கடையில வாங்க வேண்டியதுதானே? வருஷா வருஷம் பால்கோவா போட்ட மாவா கேக்குல்லா வாங்கிட்டு வருவ! இந்த வருஷம் மட்டும் என்ன கைவேலை?"

வேதமணி கருகலை இன்னும் அழுத்திச் சுரண்டினாள்.

"துட்டு இல்லியோ? உங்க அண்ணன் மாடி வீட்டுக்கு இன்னும் பெயிண்டு அடிச்சு முடியலியாக்கும்!"

கத்தி அவள் கையில் அப்படியே நின்றது. முப்பத்திநான்கு வருஷம் புனே கோர்படியில் இந்த வீட்டில் குடித்தனம் பண்ணியாயிற்று. ராணுவ ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். முன்கோபிதான், ஆனால் மனைவியைச் சந்தேகப்படுகிறவர் இல்லை. அப்படித்தான் இருந்தார், ஆறு வருஷத்துக்கு முன்பு வரை. அதற்குப் பிறகு அவளுடைய ஏடிஎம் கார்டையும் வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை எண்ணிக் கொடுக்கிற பணத்தில் காய்கறி, பால், காஸ் எல்லாம் ஓட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு!

"கூட்டத்துல இன்னைக்கும் உன் பேரத்தானே வாசிக்கப் போறாவ?" என்றார் இன்பநாதன், குரலைத் தாழ்த்தி. "எனக்குத் தலையைத் தூக்க முடியல வேதம்."

அந்தத் தாழ்ந்த குரல்தான் அவளை அதிகம் சுட்டது. கோபித்தால்கூடத் தாங்கிக்கொள்வாள்.

கூட்டம் என்பது 'ஒலிவக் கன்று' குழுவின் வருஷக் கூட்டம். வேதமணியின் மாமனார் தொடங்கிய குழு அது. புனேயில் இருக்கிற சொந்தக்காரர்களில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஆளுக்கு மூவாயிரம் போட்டு, பொது பாங்க் கணக்கில் வைத்துக் கம்பெனிப் பங்குகள் வாங்குவார்கள். போட்ட பணத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் யூனிட் ஏறும். பணத்தைச் செக்காகத்தான் தர வேண்டும். ஃபோனில் பணம் அனுப்புகிற காலம் வந்த பிறகும் பெரியவர் சம்மதிக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவனுக்குக் கொஞ்சமாவது பயம் வேண்டும் என்பார். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் செக்கை வேதமணியின் கையில் கொடுப்பார்கள். கணக்கு எழுதுகிறவள் அவள்தான்.

பெரியவர் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சட்டமும் எழுதி வைத்திருந்தார். பாங்க் பொதுவாகப் பிடிக்கிற கட்டணம் எல்லோர் பங்கிலும் பிரியும். ஒருவருடைய தவறால் பிடித்தது, அதாவது கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் பிடித்தது, அந்த ஒருவர் பங்கிலிருந்து மட்டும் கழியும். வருஷக் கூட்டத்தில் அவர் பெயர் வாசிக்கப்படும். அதோடு அவர் ஒரு கேக் கொண்டுவந்து, தன் கையாலேயே எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில்தான் தான் சாப்பிட வேண்டும். தண்டக் கேக் என்று அதற்குப் பெயர். பெரியவர் விளையாட்டாக ஏற்படுத்தியதுதான். ஆனால் ஒரே ஆள் வருஷா வருஷம் கேக்கோடு வந்து நின்றால் விளையாட்டு எங்கே இருக்கும்?

இன்றோடு வேதமணிக்கு ஆறாவது கேக்.

அவள் செக் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

கொரோனா ஊரடங்கு வருஷம், ஜூலை மாதம். பாங்கிலிருந்து வந்த திரும்பிய செக் வேதமணியின் மேசையில் கிடந்தது. நாத்தனார் கிளாரிசா வீட்டுச் செக். வேதமணி அதைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருந்தபோதே பின்வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கிளாரிசாவின் கணவர் ஆண்டனி. கசார்வாடியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலிலேயே நின்றார்.

"அக்கா... செக்கு திரும்பிருச்சு, இல்லியா?"

"ஆமா தம்பி. என்ன ஆச்சு?"

"கிளாரிசா ஸ்கூல் சம்பளத்துல மாசாமாசம் மூவாயிரம் எங்கையில தந்துடுவா அக்கா, கணக்குல போடச் சொல்லி. நான் அதை எடுத்துப் பட்டறை ஆளுங்களுக்கு அரிசி வாங்கிக் குடுத்துட்டேன். ஊருக்கும் போக வழியில்லாம ஷெட்டுக்குள்ளயே கிடக்கானுவ அக்கா... எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மச்சானுக்கு என்னைக்குமே என்னப் பிடிக்காது. துப்பில்லாதவன்னு கல்யாணத்துக்கே வர மாட்டேன்னு நின்னாவ. இப்பம் என் பேர வாசிச்சா, கிளாரிசா அவ அண்ணன் முகத்துல எப்படி முழிப்பா?"

வேதமணி அன்றைக்குத் தன் சேமிப்பிலிருந்து மூவாயிரத்துக்கு ஒரு செக் எழுதி, கிளாரிசாவின் வரவில் வைத்தாள். பாங்க் பிடித்த நானூற்றிப் பதின்மூன்று ரூபாய் யார் பங்கில் கழிய வேண்டும் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தன் பெயரை எழுதினாள். கணக்கு டீச்சர் வாழ்க்கையில் எழுதிய முதல் தப்புக் கணக்கு அது!

அந்த வருஷம் நான்கு தடவை திரும்பியது. பட்டறை அதற்குப் பிறகும் நிமிரவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் ஒன்று, இரண்டு என்று திரும்பிக்கொண்டேதான் இருந்தது. வேதமணி ஈடுகட்டிய மூவாயிரங்களை ஆண்டனி ஐந்நூறும் ஆயிரமுமாகத் திருப்பித் தந்துவிட்டார். பாங்க் கட்டணத்தை மட்டும் அவள் வாங்கிக்கொள்ள மறுத்தாள்.

"அப்பம் கேக்காவது நான் வாங்கித் தாரேன் அக்கா. உங்கள அந்தச் செலவும் பண்ண வச்சா நான் மனுசனா?" என்றார். ஒவ்வொரு ஏப்ரலும் கூட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளை அட்டைப்பெட்டியில் ஒரு கிலோ மாவா கேக் பின்வாசல் வழியாக வந்து சேரும்.

அவள் சேமிப்பிலிருந்து பணம் போனதை இன்பநாதன் அந்த முதல் வருஷமே பாஸ்புக்கில் பார்த்துவிட்டார். அதே சமயத்தில்தான் சொந்த ஊரான சாயர்புரத்தில் அவளுடைய அண்ணன் மாடி எடுத்துக் கட்டினார். இரண்டையும் முடிச்சுப் போட அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. "துட்டு எங்க போச்சு, சொல்லு" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். வேதமணி வாயைத் திறக்கவில்லை. இன்பநாதனுக்குத் தெரிந்தால் அன்றே தங்கைக்குத் தெரியும். அவர் வயிற்றில் எதுவும் நிற்காது. அன்று மாலையே கார்டு பீரோவுக்குள் போய்விட்டது. குழுவுக்கு எழுத வேண்டியிருந்ததால் செக் புத்தகம் மட்டும் அவளிடம் மிஞ்சியது.

சென்ற அக்டோபரில் கடைசியாக ஒரு செக் திரும்பியது. அப்போது ஆண்டனி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நவம்பரில் போய்விட்டார். கேக் வாங்கித் தர இனி ஆள் இல்லை. எண்ணிக் கொடுத்த பணத்தில் ஒரு கிலோ மாவா கேக் வாங்கவும் முடியாது. அதனால்தான் இந்த வருஷம் கைவேலை.

*

பதினொரு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. மகர்பட்டாவிலிருந்து மகன் நீலும் மருமகள் ஃபேபியோலாவும் வந்திருந்தார்கள். நோட்டில் இருந்ததை நீல் லேப்டாப்பில் ஏற்றியிருந்தான். தமிழ் அவனுக்கு நாக்கில் பாதிதான் வரும். பங்குகளின் விலை, யூனிட்டின் மதிப்பு என்று வாசித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் தயங்கினான்.

"மெம்பர் சார்ஜ்... செக் ரிட்டர்ன், அக்டோபர். நானூத்திப் பதிமூணு ரூபா." அம்மாவைப் பார்க்காமலேயே சொன்னான். "வேதமணி."

"மைனி, கேக்குக்கு ஒரு பேக்கரியே தொறந்துடலாம் போலருக்கே!" என்றான் இன்பநாதனின் சித்தப்பா மகன் ஷிபின். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேதமணியும் சிரித்து வைத்தாள்.

கிளாரிசா சிரிக்கவில்லை. கணவனை இழந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வெளிறிய சாம்பல் நிறச் சேலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவள் சடாரென்று எழுந்தாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? அரே, ஆறு வருஷம்! கணக்கு எழுதுத ஆளோட செக்கே ஆறு வருஷமா திரும்புது! எங்க அப்பா உங்கள நம்பித்தானே மைனி இந்த நோட்டக் குடுத்தாவ? சாகும்போதுகூட, வேதம் கையில இருக்கதுக்கு நான் பயப்பட வேண்டாம்னுல்லா சொன்னாவ!"

"கிளாரிசா, விடு புள்ள..." என்றாள் வேதமணி.

"என்னத்த விட? எங்க வீட்டுல என்ன பணமா கொட்டிக் கிடந்துச்சு? பட்டறை படுத்துக் கிடந்துச்சு. அப்பவும் என் ஆண்டனி ஒரு செக்கு, ஒரே ஒரு செக்காவது திரும்ப விட்டாவளா? அக்டோபர்ல அந்த மனுஷன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்தாவ... அந்த மாசம்கூட எங்க செக்கு திரும்பல! உங்களுக்கு என்ன குறை மைனி? அண்ணன் பென்சன் வருது, மவன் சம்பாதிக்கான்... உங்க துட்டெல்லாம் எங்கதான் போகுது?"

அக்டோபர்! வேதமணியின் கை நோட்டின் மேல் இருந்தது. அக்டோபர்ச் செக் அந்த நோட்டின் பின்னட்டை உறைக்குள்தான் இருக்கிறது. ஆண்டனியின் கோணல் கையெழுத்தோடு. உருவி மேசையில் போட்டால் போதும். ஆறு வருஷ அவமானமும் ஒரு நிமிஷத்தில் துடைபட்டுப்போகும்...

அவள் கிளாரிசாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இப்போது மிச்சம் இருந்தது 'என் ஆண்டனி' என்ற ஒரு பெருமை மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

"நீ சொல்லுதது சரிதான் புள்ள. நோட்ட இனிமே நீல் பாத்துக்கிடட்டும்" என்றாள்.

நோட்டோடு சமையலறைக்குப் போய் உறைக்குள் இருந்த செக்கை எடுத்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, நோட்டைக் கொண்டுவந்து மகன் கையில் கொடுத்தாள். இருபது வருஷமாகத் தன் கையெழுத்தால் நிறைந்த நோட்டு. பிறகு கேக்கை வெட்டி ஒவ்வொருவரிடமாகப் போனாள். கிளாரிசா ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"தண்டத்தையும் தீய வச்சா கொண்டு வருவாவ? மத்த வருஷம் மாவா கேக்காவது இருக்கும்" என்று தட்டிலேயே போட்டாள்.

இன்பநாதன் தட்டையே தொடவில்லை. "எனக்கு வேண்டாம். எனக்குள்ளதையும் நீயே தின்னு" என்றார், எல்லோர் முன்னிலையிலும்.

கடைசித் துண்டை வேதமணி சமையலறையில் நின்றுகொண்டே தின்றாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அழுதால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே இந்த ஆறு வருஷமாக அவள் அழுததில்லை. கூடத்தில் நாற்காலிகளை மடிக்கிற சத்தம் கேட்டது.

*

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் கிளாரிசா. தலைமுடி கலைந்திருந்தது. கையில் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி. ஒவ்வொரு ஏப்ரலும் பின்வாசல் வழியாக வருகிற அதே பெட்டி.

"மைனி..."

"உள்ள வா புள்ள. என்ன ஆச்சு? முகமெல்லாம் ஏன் இப்படி..."

"இந்தப் பெட்டி உங்களுக்குத் தெரியும்லா?"

வேதமணி படுக்கையறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எங்க தெரு முனையில முகமது ரஃபீக் பாய் பேக்கரி இருக்குல்லா... பாவ் ரொட்டி வாங்கப் போனேன் மைனி. அவரு கேக்காரு, 'தீதி, இஸ் சால் ஆண்டனி பாய் கா ஏப்ரல் வாலா கேக் நஹி கயா'ன்னு! இந்த வருஷம் ஆண்டனி பாயோட ஏப்ரல் கேக்கு போகலியேன்னு! எனக்கு ஒண்ணும் ஓடல. என்ன கேக்குன்னேன். வருஷா வருஷம் ஏப்ரல்ல அவிய ஒரு கிலோ மாவா கேக்கு வாங்குவாவளாம். கடைப் பேரு இல்லாத வெள்ளைப் பெட்டியிலதான் வேணும்பாவளாம். வீட்டுல சொல்லிராதீங்க, இது எங்க அக்காவுக்கு நான் குடுக்க வேண்டிய கடன்னு சொல்லுவாவளாம்... அவியளுக்கு ஏது மைனி அக்கா? கூடப்பொறந்தது ஒண்ணும் இல்லியே! உங்கள மட்டும்தானே அக்கான்னு கூப்பிடுவாவ!"

"கிளாரிசா, சொன்னாக் கேளு..."

"நேரா பாங்குக்குப் போனேன் மைனி. ஆறு வருஷத்துக்கும் எழுதி வாங்கிட்டேன். பதினொரு தடவ! பதினொரு தடவ எங்க செக்கு திரும்பிருக்கு! அக்டோபரும் இருக்கு மைனி... நான் எல்லாரு முன்னாலயும் எந்திரிச்சு நின்னு கத்தினேனே, அந்த அக்டோபர்!" அவள் அப்படியே மடங்கி வேதமணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "என் வாயில புண்ணு வந்தா என்ன! உங்களப் போயி... உங்களப் போயி துட்டு எங்க போச்சுன்னு கேட்டேனே!"

வேதமணியும் தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் அறிந்தவரை கிளாரிசா யார் மடியிலும் இப்படிச் சாய்ந்ததில்லை.

"ஏன் மைனி எங்கிட்ட சொல்லல அவிய? ஆளுங்களுக்குச் சோறு போடத்தானே எடுத்தாவ? நான் வேண்டாம்னா சொல்லிருப்பேன்? நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா? எனக்குப் பயந்துக்கிட்டா வாழ்ந்தாவ?"

"பயமில்ல புள்ள." வேதமணி அவள் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு வருஷமும் கூட்டத்துல நீ எந்திரிச்சு, எங்க வீட்டுச் செக்கு ஒரு தடவகூடத் திரும்பினதில்லன்னு சொல்லுவ, நினைவிருக்கா? அப்பம் அவரு கூடத்துக் கோடியில ஜன்னல் பக்கம் நிப்பாரு. நான் ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். அந்த முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்... கல்யாணத்துலகூட நான் அவர அப்படிப் பாத்ததில்ல. வெளியில போறப்ப எங்கிட்ட சொன்னாரு, 'அவ வாயால இதக் கேக்கத்தான் அக்கா வருஷம் பூரா காத்துக் கிடக்கேன்'ன்னு. அதை நான் எப்படி புள்ள கெடுப்பேன்?"

கிளாரிசா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். உன்மேல் கோபமில்லை என்று செத்துப்போன மனிதரிடம் இனிமேல் யார் போய்ச் சொல்வது!

படுக்கையறை வாசலில் இன்பநாதன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். திரும்பி உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வந்து ஏடிஎம் கார்டை வேதமணிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலேயே வராந்தாவுக்குப் போய்விட்டார். வேதமணி அதை எடுக்கவில்லை. இந்தக் கார்டா இத்தனை வருஷம் அவளுக்கு வேண்டியிருந்தது?

*

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஏழு குடும்பத்தையும் கிளாரிசா கூட்டிவிட்டாள். "வேண்டாம் புள்ள, நமக்குள்ள இருந்துட்டுப் போகட்டும்" என்று வேதமணி எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். கிளாரிசா கேட்கவில்லை. பாங்கில் வாங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதினொரு தேதியையும் தானே வாசித்தாள். ஏழாவது தேதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் வாசித்தாள். ஷிபின் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீல், இது அத்தனையும் மைனி பங்கிலருந்து எடுத்து என் பங்கில கழி."

"பழைய வருஷமெல்லாம் க்ளோஸ் ஆயிருச்சு அத்த" என்றான் நீல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இந்த வருஷம் என்ட்ரி மட்டும்தான் மாத்த முடியும்."

"அப்பம் பழைய யூனிட்டக் கணக்குப் போட்டு என் பேர்லருந்து மைனி பேருக்கு எழுது!"

"எழுதாத நீல்" என்றாள் வேதமணி. "அந்தத் தண்டமெல்லாம் தீர்ந்துபோச்சு. அதுக்குத்தான் ஆண்டனி அஞ்சு கேக்கு வாங்கித் தந்துட்டாரே."

நீல் ஒரே ஒரு வரியை மட்டும் திருத்தினான். அக்டோபர், செக் ரிட்டர்ன், நானூற்றிப் பதின்மூன்று. வேதமணி என்று இருந்த இடத்தில் கிளாரிசா ஆண்டனி என்று அடித்தான். பிறகு நோட்டை எடுத்துவந்து, "மன்னிச்சிருங்கம்மா" என்று அம்மாவின் மடியில் வைத்தான்.

கிளாரிசா வெள்ளைப் பெட்டியைத் திறந்தாள். மாவா கேக். துண்டுகளைச் சமமாக வெட்டினாள். முதல் துண்டை வேதமணியின் கையில் கொடுத்தாள். பிறகு வரிசையாக ஒவ்வொருவரிடமும் போனாள். ஃபேபியோலா வாங்கிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்தாள். தட்டு இன்பநாதனிடம் வந்தது.

"அண்ணே, எடுத்துக்கிடுங்க."

இன்பநாதன் எடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, கூடத்துக் கோடியில் ஆண்டனி வழக்கமாக நிற்கிற ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"எனக்குக் கடைசியில குடு" என்றார். "அந்த மனுஷன் துப்பில்லாதவன்னு இருபது வருஷமா சொன்னேன். என் பொண்டாட்டிய ஆறு வருஷமா கள்ளின்னு நினைச்சேன். எந்த பாங்கும் இதுக்குக் கட்டணம் பிடிக்கல... ஆனா தண்டம் என்னுது. நான்தான் கடைசி."

"இல்ல அண்ணே. சட்டப்படி நான்தான் கடைசி!"

தட்டில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம் இருந்தது. அண்ணனும் தங்கையும் அந்தத் தட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அழுதார்கள். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. வேதமணி எழுந்து போனாள். அந்தத் துண்டை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைக் கிளாரிசாவின் கையிலும் மறுபாதியை இன்பநாதனின் கையிலும் வைத்தாள். இன்பநாதன் அவள் கையை விடவில்லை.

"வேதம்..." என்றார்.

அப்போதுதான் வேதமணி அழுதாள்.